பின்விளக்கு எரியவில்லை, பொறுப்பு யாருக்கு?



நம் நாட்டுச் சாலைகளில் கனரக வாகனங்களால் அண்மைக் காலத்தில் போன உயிர்களை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு பதைக்கிறது. 2024 டிசம்பர் 23-ஆம் நாள் இரவு, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் குரோவுக்கு அருகே, ஒரு லோரியிலிருந்து கழன்ற சக்கரம் சங்கிலித் தொடராக ஒரு விபத்தை உண்டாக்கி 7 பேரைப் பலி கொண்டது. 2025 மே 13-ஆம் நாள் தெலுக் இந்தானில், கல் ஏற்றிய லோரியும் கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனமும் மோதி 9 போலீஸ்காரர்கள் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் கிரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தார்கள்.

இந்த மூன்று விபத்துகளுக்கும் விளக்குதான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. ஆனால், இவற்றுக்குப் பிறகு நாடு முழுவதும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: ஒரு வணிக வாகனம் சாலைக்கு ஏற்ற நிலையில் இருக்கிறதா என்பதைத் தினந்தோறும் பார்க்க வேண்டியவர் யார்? பார்க்காமல் விட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

இந்தக் கேள்வியைத் தோட்டத்து வாசல்வரை கொண்டுவந்து, ஒரே ஒரு சிறு பொருளை வைத்து ஆராய்வோம். அந்தப் பொருள், லோரியின் பின்னால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு.

சட்டம் வந்தது, விளக்கு வந்ததா?

அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. லோரிகளிலும் பஸ்களிலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேலை செய்ய வேண்டும் என்ற விதியைக் கட்டங்கட்டமாக அமல்படுத்தப் போவதாகப் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அறிவித்தார். அதன் முதற்கட்டம் 2025 அக்டோபர் 1-ஆம் நாள் தொடங்கியது. வாகனச் சோதனையிலும் மாற்றம் வந்தது. 1994 முதல் புஸ்பாகோம் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்த தனியுரிமை, 2024 ஆகஸ்டு மாதத்தோடு முடிந்து, மற்ற நிறுவனங்களுக்கும் வழி திறந்தது.

வரவேற்க வேண்டியவைதாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை. அந்த ஒரு நாளைக்காக லோரியைக் கழுவுவார்கள், பல்பு மாற்றுவார்கள், உடைந்த கண்ணாடிக்குப் புதுக் கண்ணாடி போடுவார்கள். சோதனையில் தேறிவிடும். அடுத்த வாரமே செம்மண் சாலையில் குலுங்கிப் பல்பு கருகிப் போகும். மீதியுள்ள நூற்று எண்பது நாளும் அதைப் பார்ப்பது யார்?

“அட, ஒரு பல்புதானே! நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்ற பேச்சு நம்மவர் காதுக்குப் புதிதல்ல. சில வெள்ளி விலையுள்ள அந்தப் பல்பு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

ஐந்து வாட் பல்பின் கணக்கு

லோரியின் பின்விளக்கில் இருப்பது பெரும்பாலும் 5 வாட் பல்பு. நம் வீட்டு வரவேற்பறை விளக்கோடு ஒப்பிட்டால் அது ஒரு மின்மினிப் பூச்சி. ஆனால் இருட்டில் அந்த மின்மினி சில நூறு மீட்டருக்கு அப்பாலும் கண்ணுக்குத் தெரியும்.

அது எரியாவிட்டால்? பின்னால் மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறான். ஆபத்தைக் கண்டு, மூளைக்கு உறைத்து, கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஒன்றரை விநாடி போய்விடும். அதற்குள் 33 மீட்டர் கடந்திருப்பான். அதற்குமேல் பிரேக் பிடித்து நிற்க மேலும் 35, 40 மீட்டர். ஆக, ஏறக்குறைய 70 மீட்டர் வேண்டும்.

தாழ்த்திய முன்விளக்கில் அவனுக்குத் தெரிவது எவ்வளவு? மண் படிந்த, விளக்கில்லாத லோரியின் பின்புறம் 40, 50 மீட்டருக்குள் வந்தால்தான் கண்ணில் படும். 70 மீட்டர் வேண்டிய இடத்தில் 50 மீட்டர்தான் இருக்கிறது! மீதி 20 மீட்டருக்கு என்ன செய்வான்? 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் நிற்பதற்குக் கிட்டத்தட்ட 50 மீட்டர் தேவை. அப்போதும் உயிர் ஊசி முனையில்தான்.

இதில் வண்டி ஓட்டிய பிள்ளையின் குற்றம் எங்கே இருக்கிறது? அவன் வேக வரம்புக்குள் வந்திருக்கலாம், ஹெல்மெட் போட்டிருக்கலாம், விளக்குப் போட்டிருக்கலாம். எதிரே இருப்பது தெரியவில்லை, அவ்வளவுதான்.

பின்னால் வருவது யார்?

2022-க்குப் பிறகு நம் நாட்டில் ஆண்டுதோறும் 6,000-க்கும் அதிகமானோர் சாலை விபத்தில் மாண்டு வந்திருக்கிறார்கள். அவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். மோட்டார் சைக்கிள் யாருடைய வாகனம்? பங்களாவில் இருப்பவருக்குக் கார் இருக்கிறது. விடியற்காலை இருட்டில் பெரட்டுக்குப் போகிறவர், தாமான் வீட்டிலிருந்து தோட்டத்து வேலைக்கு வருகிறவர், இரவு ஷிப்டு முடிந்து தொழிற்சாலையிலிருந்து திரும்புகிற மகன், மகளை டியூஷனிலிருந்து கூட்டிவருகிற தகப்பன், இவர்கள்தாம் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். நம் பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களும் அப்படித்தான்.

லோரியை ஓட்டுவது யார்? அங்கேயும் நம்மவர்தாம். பால்மரத்தை விட்டு, செம்பனையை விட்டு வெளியேறிய குடும்பங்களில் எத்தனை பிள்ளைகள் லோரி லைசன்ஸ் எடுத்துப் பிழைக்கிறார்கள் என்பதை உங்கள் உறவுக்குள்ளேயே எண்ணிப் பாருங்கள். முன்னால் போகும் லோரியிலும் நம் பிள்ளை, பின்னால் வரும் மோட்டார் சைக்கிளிலும் நம் பிள்ளை. ஆகவேதான் இதை ஃபோர்மன் கடைச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாமல், பாட்டாளிகளின் பிரச்னையாகப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

தோட்டத்துக்கென்று ஒரு தனி ஆபத்தும் உண்டு. வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்க்கப் பார்ப்பார்கள். தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் கூடி எண்ணெயின் தரம் கெட்டுவிடும். அதனால் விளைச்சல் காலத்தில் பழ லோரி இரவிலும் ஓடும். பழத்தொட்டியை இழுக்கும் டிராக்டர், மங்கல் வேளையில் பொதுச் சாலையைக் குறுக்கே கடக்கும். டிராக்டரில் விளக்கு இருக்கும். பின்னால் இழுத்துப் போகும் தொட்டியில் பல இடங்களில் ஒரு சிவப்புத் தகடுகூட இருக்காது. ‘தோட்டத்துக்குள்ளே ஓடுற வண்டிதானே’ என்பார்கள். சாலையைக் கடக்கிற அந்த அரை நிமிடம் தோட்டத்துக்கு உள்ளேயா, வெளியேயா?

விளக்கு ஏன் அணைகிறது?

வயர்மன் மட்டுமே அறிந்த மந்திரம் இது என்று எண்ண வேண்டாம். அடிப்படையைத் தெரிந்துகொண்டால் லோரி ஓட்டுகிறவரும் அட்டெண்டனும் பாதிப் பழுதைத் தாமே கண்டுபிடிக்கலாம்.

பெரிய லோரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டை ஒன்றோடொன்று தொடுத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். சிறிய லோரிகளும் தோட்டத்து டிராக்டரும் பெரும்பாலும் 12 வோல்ட். எந்த வண்டிக்கு எந்த பல்பு என்று பார்த்தே வாங்க வேண்டும். 12 வோல்ட் பல்பை 24 வோல்ட் லோரியில் போட்டால் அடுத்த கணமே கருகிவிடும்; 24 வோல்ட் பல்பை 12-இல் போட்டால் மங்கலாக எரிந்து ஏமாற்றும்.

பேட்டரியின் ஒரு முனையிலிருந்து மின்சாரம் ஃபியூஸ், சுவிட்ச், வயர் வழியாகப் பல்புக்குப் போகிறது. திரும்பி வருவதற்குத் தனி வயர் கிடையாது. லோரியின் இரும்புச் சட்டமே திரும்பும் பாதை. அதைத்தான் ‘எர்த்து’ என்கிறோம். போகும் பாதை நன்றாக இருந்து, திரும்பும் பாதையில் துருப்பிடித்தால் விளக்கு எரியாது. எரிந்தாலும் அழுது வடியும்.

எர்த்து கெட்டதற்கு அடையாளம் என்ன? பிரேக்கை மிதித்தால் சிக்னல் விளக்கும் சேர்ந்து மினுக்கும். சிக்னல் போட்டால் பின்விளக்கு துடிக்கும். ‘பேய் பிடிச்ச மாதிரி எரியுது’ என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். பேயுமில்லை, பிசாசுமில்லை. எர்த்து வயரைப் பிடித்திருக்கும் திருகாணியைக் கழற்றி, துருவையும் பெயிண்டையும் சுரண்டி, பளபளப்பான இரும்பு தெரிய இறுக்கினால் பேய் ஓடிவிடும்.

இன்னொரு செய்தி. பல்புக்கு வர வேண்டிய வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சம் பத்தில் ஒரு பங்கு குறைவதோடு நிற்காது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆகவே ‘எரியுதா’ என்று மட்டும் பார்த்தால் போதாது. ‘எப்படி எரியுது’ என்றும் பார்க்க வேண்டும்.

தோட்டத்து லோரிக்குப் பகைவர்கள் அதிகம். குலை ஏற்றும்போது இடிபட்டு விளக்குக் கண்ணாடி உடையும். உடைந்த இடத்தில் மழைநீர் இறங்கும். உர மூட்டை ஏற்றினால் சிந்திய உரம் ஈரத்தில் கரைந்து வயர் முனைகளை அரிக்கும். ரப்பர்ப் பால் ஏற்றும் லோரிக்கு அம்மோனியா எதிரி. பால் உறையாமலிருக்க ஊற்றும் அதே அம்மோனியா செம்பையும் பித்தளையையும் தின்றுவிடும். வயரும் பல்புப் பிடியும் செம்பும் பித்தளையும்தானே! முனை பச்சை நிறமாகப் பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இது போதாதென்று செம்பனைக் காட்டு எலிகள் வயரின் மேலுறையைக் கடித்துப் பதம் பார்க்கும்.

பழுதைத் தேடவும் ஒரு முறை உண்டு. ஒரு பக்க விளக்கு மட்டும் எரியவில்லையா? முதலில் பல்பு, பிறகு பல்புப் பிடி, பிறகு எர்த்து. இரண்டு பிரேக் விளக்கும் சேர்ந்தே எரியவில்லையா? இரண்டு பல்பும் ஒரே நாளில் போவது அபூர்வம். ஃபியூஸையும் பிரேக் சுவிட்சையும் பாருங்கள். சிக்னல் வழக்கத்தைவிட வேகமாக ‘டிக் டிக்’ என்று அடிக்கிறதா? அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போய்விட்டது. பல்பு மாற்ற மாற்றப் போய்க்கொண்டே இருக்கிறதா? அளவுக்கு மீறிய வோல்ட் வருகிறதோ என்று வயர்மனிடம் காட்டுங்கள். 24 வோல்ட் லோரியில் எஞ்சின் ஓடும்போது 27-லிருந்து 28½ வோல்ட் வரை இருப்பது சரி. 30-ஐத் தாண்டினால் கோளாறு. எஞ்சின் நிறுத்தி ஓய்ந்திருக்கும்போது ஒவ்வொரு பேட்டரியும் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் பாதிதான் மிச்சம்.

பத்து நிமிடச் சோதனை

லோரி கிளம்புமுன் பத்து நிமிடம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும். மற்றவர் வண்டியைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். முன்விளக்கு தாழ்வு, உயர்வு, பக்க விளக்கு, நான்கு மூலைச் சிக்னல், பின்விளக்கு, பிரேக் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு, நம்பர் தகட்டு விளக்கு, ஹார்ன், வைப்பர். டிரெய்லர் என்றால் இணைப்பு வயரின் பிளக் இறுகப் பொருந்தியிருக்கிறதா, வயர் தொங்கித் தரையில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தனியாள் என்றால் சுவர் ஓரமாகப் பின்பக்கத்தைக் காட்டி நிறுத்தி, மங்கல் வெளிச்சத்தில் பிரேக்கை மிதியுங்கள். சுவரில் இருபுறமும் சிவப்பு விழுகிறதா என்பது கண்ணாடியில் தெரிந்துவிடும்.

பிறகு ஓர் ஈரத் துணி. விளக்குக் கண்ணாடியையும் ஒளியைத் திருப்பியடிக்கும் சிவப்பு, மஞ்சள் தகடுகளையும் துடையுங்கள். அந்தத் தகட்டுக்குப் பேட்டரி வேண்டாம், வயர் வேண்டாம், ஃபியூஸ் வேண்டாம். சேறு இல்லாமல் இருந்தால் போதும். விளக்கெல்லாம் செத்துப்போன இரவிலும் அது ஒன்று நம் பின்புறத்தைக் காட்டிக்கொடுக்கும். பழத்தொட்டி இழுக்கும் டிராக்டருக்கு முதலில் கேட்டு வாங்க வேண்டியது இந்தத் தகட்டைத்தான்.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: மாற்றுப் பல்பு வகைக்கு இரண்டு, சரியான அளவு ஃபியூஸ்கள், ஒரு சோதனை விளக்கு, ஒரு டார்ச்லைட், எச்சரிக்கை முக்கோணம். இவ்வளவுக்கும் ஒரு டயரின் விலைகூட ஆகாது.

செய்யக் கூடாதவை

ஃபியூஸ் எரிந்துவிட்டால் சிகரெட் டப்பாவின் வெள்ளித் தாளைச் சுற்றிப் போடுகிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும். ஃபியூஸ் ஒரு காவல்காரன். 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அதற்குமேல் மின்சாரம் போனால் தான் செத்து வண்டியைக் காப்பாற்றுவான். அவன் இடத்தில் தாளையோ ஆணியையோ 30 ஆம்பியர் ஃபியூஸையோ வைத்தால், அடுத்து எரியப் போவது வயரும் லோரியும். ஃபியூஸ் மறுபடி மறுபடி எரிந்தால், எங்கோ வயர் சட்டத்தில் உரசுகிறது என்று பொருள். அதைத் தேட வேண்டும்.

ரேடியோவுக்காக இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்காதீர்கள். ஒன்று இளைக்கும், மற்றது மிகையாகச் சார்ஜ் ஆகும், இரண்டும் கெடும். அதற்கென்று 24-ஐ 12 ஆக்கும் கருவி இருக்கிறது.

பேட்டரி பக்கத்தில் சுருட்டோ சிகரெட்டோ வேண்டாம். சார்ஜ் ஆகும்போது எழும் வாயு, ஒரு பொறி பட்டால் வெடிக்கும். கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். ஊற்றுவதற்குச் சுத்திகரித்த நீர்தான். மழைத் தண்ணீரும் பைப்புத் தண்ணீரும் ஆகாது.

பின்புறம் கண்ணைக் கூசும் வெள்ளை விளக்கு மாட்டிக்கொண்டு ஓடுவது வீரமல்ல. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்பது உலகத்துக்கே பொதுவான பாஷை. அதைக் குழப்பினால், வண்டி வருகிறதா போகிறதா என்றே பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. புது லோரிகளில் ஏ.பி.எஸ். பிரேக்கும் வேகக் கட்டுப்பாடும் எஞ்சினின் மூளையும் அதே பேட்டரியையும் எர்த்தையும் நம்பியே ஓடுகின்றன. கண்ட வயரை வெட்டிக் கூடுதல் விளக்குக்கு இழுத்தால், கெடுவது விளக்கோடு நிற்காது.

பல்புக்குக் காசு யார் தருவது?

இனி விவகாரத்தின் வேருக்கு வருவோம். இவ்வளவும் தெரிந்த ஓட்டுநரும் ஏன் இருட்டு லோரியோடு கிளம்புகிறார்? சோம்பேறித்தனமா? சில பேரிடம் இருக்கலாம். ஆனால் ‘டிரிப்’ கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு, பழுது பார்க்க நிற்கிற ஒரு மணி நேரம் சொந்தக் காசு. நின்றால் டிரிப் போச்சு. ஓடினால் சம்மன் வருமோ வராதோ. பல்பு கேட்டால் ‘நேத்துதானே வாங்கிக் கொடுத்தேன்’ என்ற முகச்சுளிப்பு. சில இடங்களில் ஓட்டுநரே கைக்காசு போட்டு வாங்குகிறார். சில இடங்களில் கூலியில் பிடிக்கிறார்கள். விபத்து நடந்துவிட்டாலோ, முதலில் கையில் விலங்கு ஏறுவது ஓட்டுநருக்குத்தான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி!

சட்டம் என்ன சொல்கிறது? 1994-ஆம் ஆண்டின் வேலைத்தலப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வேலைத்தலம் என்பதில் வாகனத்தையும் சேர்க்கிறது. தொழிலாளியின் பாதுகாப்பை உறுதி செய்வது முதலாளியின் கடமை. அந்தக் கடமை தவறினால் விதிக்கக்கூடிய அபராதம் முன்பு உச்சமாக 50,000 வெள்ளி. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி 500,000 வெள்ளி வரை. இந்தச் சட்டப்படி செய்துதர வேண்டிய பாதுகாப்புக்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 26-ஆம் பிரிவு சொல்கிறது. பாதுகாப்பைப் பற்றிப் புகார் செய்தான் என்பதற்காக வேலையை விட்டு நீக்கவோ பழிவாங்கவோ கூடாது என்பது 27-ஆம் பிரிவு.

அதே திருத்தம் 26ஏ என்று புதிய பிரிவு ஒன்றையும் சேர்த்தது. வேலையில் உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை அகற்ற முதலாளி நடவடிக்கை எடுக்கத் தவறினால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது.

இதை அளவறிந்து பயன்படுத்த வேண்டும். பட்டப் பகலில் தோட்டத்துக்குள் ஒரு பக்க விளக்கு எரியவில்லை என்பதற்காக வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனால் அந்தப் பிரிவு கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பின்விளக்கும் பிரேக் விளக்கும் இல்லாத லோரியை இரவில் பெரிய சாலையில் ஓட்டச் சொன்னால், அது உடனடி ஆபத்து என்று வாதாட வலுவான நியாயம் இருக்கிறது. முதலில் பழுதைச் சொல்ல வேண்டும். சரிசெய்யச் சந்தர்ப்பம் தர வேண்டும். அதன் பிறகே மறுக்க வேண்டும். இந்த ஒழுங்கு முக்கியம். தன்னையும் பிறரையும் காக்கும் அளவுக்குக் கவனத்தோடு நடக்க வேண்டிய கடமை, அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவில் தொழிலாளிக்கும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, ஒரு சாதாரணப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். தேதி, லோரி நம்பர், என்ன பழுது, யாரிடம் சொன்னோம், எப்போது சரியானது என்று தினமும் ஒரு வரி. கிராணியிடமோ மண்டோரிடமோ கையெழுத்துக் கேளுங்கள். கையெழுத்துப் போடவில்லையா? அதையும் எழுதிவைத்து, கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதியது விசாரணையில் பேசும். நாளைக்கு ஏதேனும் நடந்துவிட்டால், ‘டிரைவர் சொல்லவே இல்லை’ என்று யாரும் கைகழுவ முடியாது.

இரண்டாவது, 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் தோட்டத்தில் அந்தக் குழு இருக்கிறதா? அதில் லோரி, டிராக்டர் ஓட்டுகிறவர் யாராவது உட்கார்ந்திருக்கிறாரா? இல்லையென்றால் சங்கக் கிளையில் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி இதுதான். சோதனைக்கான அந்தப் பத்து நிமிடமும், பழுது பார்க்க நின்ற நேரமும் கூலி நேரமாகக் கணக்கில் வர வேண்டும். டிரிப் கணக்கில் உள்ளவர்களுக்கு இது உயிர்நாடியான கோரிக்கை.

மூன்றாவது, வீட்டுப் பெண்களுக்கு ஒரு சொல். கணவனோ மகனோ லோரி ஓட்டப் போனால், ‘சாப்பாடு எடுத்துக்கிட்டியா’ என்று கேட்பதோடு ‘பின்விளக்கு பார்த்தியா’ என்றும் கேளுங்கள். பிள்ளை மோட்டார் சைக்கிளில் போனால் அவனுடைய பின்விளக்கையும் பாருங்கள்; லோரிக்காரனுக்கும் நம் பிள்ளை தெரிய வேண்டுமல்லவா? வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்தால் சொக்சோவில் உரிமை உண்டு என்பதையும், போலீஸ் புகாரும் மருத்துவச் சீட்டும் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதையும் குடும்பத்தில் எல்லோரும் தெரிந்துவைத்திருங்கள். ஆனால் எந்த இழப்பீடும் போன பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவராது.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற நாடாகவே நாம் இருந்து பழகிவிட்டோம். விபத்து நடந்த பிறகு விசாரணைக் குழு, அறிக்கை, அதிரடிச் சோதனை, கொஞ்ச நாளில் மறதி. அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கம் செய்யட்டும், செய்யாவிட்டால் கேட்போம். லோரி வைத்திருப்பவர் பல்புக்குக் காசு தரட்டும். தராவிட்டால் எழுதிக் கேட்போம். ஓட்டுகிறவர் பத்து நிமிடம் வண்டியைச் சுற்றி வரட்டும். இந்த மூன்றில் எது தவறினாலும் இருட்டில் பின்னால் வருகிற பாட்டாளிக்குத்தான் ஆபத்து.

இந்த வாரமே உங்கள் தோட்டத்து லோரியையும் டிராக்டரையும் ஒரு மாலை வேளையில் சுற்றி வந்து பாருங்கள். எரியாத விளக்கை எண்ணி எழுதுங்கள். எழுதியதைக் கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு போங்கள்.